யார் பார்க்கிறது என்று கேட்பவர்களுக்கு

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. சித்தி வீட்டில் பிறந்தநாள். வெளியே கிறில் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே பெரிய டிவி ஒருவரும் பார்க்காமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் ரிமோட்டை எடுத்து பெண்களின் டூர் டி பிரான்ஸைப் போட்டேன். அன்று கடைசி நாள், ஒன்பதாவது ஸ்டேஜ். முடிவிடம் ஷாத்தெல், எங்கள் சுவிஸ் எல்லையோடு ஒட்டிய மலைக் கிராமம். மஞ்சள் ஜெர்சி போட்ட போலின் ஃபெரான்-ப்ரேவோ முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை. சித்தியின் மகன், வயது 19, போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அண்ணா, இது பொம்பிளையளின்ட ரேஸ் எல்லோ? ஆர் இதைப் பாக்கிறது?"

சனல் மாறியது. போன சீசன் ஃபுட்போல் ஹைலைட்ஸ். அதாவது, முடிவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மேட்ச். இவன் ஜூலை மாதம் முழுக்க பொகாச்சார், பொகாச்சார் என்று ஸ்டோரி போட்டவன். சைக்கிள் பிடிக்காதவன் இல்லை.

கேக் வெட்டும் நேரம் என்பதால் நான் அங்கே கதைக்கவில்லை. இங்கே கதைக்கிறேன். அவனுக்கு மட்டுமல்ல. "யார் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு வாதத்தில் வென்றுவிட்டதாக நினைக்கும் எல்லோருக்கும். அதோடு, பாவம் பார்த்து லைக் போடுகிறவர்களுக்கும். அவர்களோடும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லவேண்டும். நான் சின்ன வயதிலிருந்து அப்பாவோடு இருந்து டூர் பார்த்தவன். ஃபாபியான் கான்செலாரா பாரிஸ்-ரூபே போட்டியை எந்தெந்த வருடம் வென்றார் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்: 2006, 2010, 2013. ஆனால் நிக்கோல் பிரண்ட்லி என்ற சுவிஸ் பெண் இத்தாலியின் பெண்கள் ஜீரோவை 2001, 2003, 2005 என்று மூன்று முறை வென்றவர் என்பது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரியும். அதே நாடு, அதே விளையாட்டு, கிட்டத்தட்ட அதே காலம். அவரை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. அவர் ஓடியதை நான் ஒருநாளும் காணவில்லை. பிடிக்காததும் காணாததும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

மெனுவில் இல்லாத பட்டன்

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் தங்கள் செயலியிலிருந்த ஒரு வசதியைத் தூக்கிவிட நினைத்தார்கள். மாதத்துக்குப் பத்துப் பேர்கூட அதைத் திறப்பதில்லை, பராமரிக்கிற காசு வீண் என்றார்கள். கணக்கு சரிதான், பத்துப் பேர்கூட இல்லை. நான் செயலியைத் திறந்து தேடினேன். அந்தப் பக்கத்துக்குப் போகும் பட்டன் மெனுவிலேயே இல்லை. ஏதோ ஒரு மாற்றத்தின்போது எடுத்துவிட்டுத் திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். பட்டன் இல்லாமலேயே அந்தப் பத்துப் பேர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

பெண்களின் சைக்கிள் ரேஸை யாரும் பார்ப்பதில்லை என்ற புள்ளிவிவரம் இந்த வகைதான்.

2021 ஒக்டோபர் 2ஆம் திகதியை எடுங்கள். பாரிஸ்-ரூபே, வட பிரான்ஸின் கல் பாவிய பாதைகளில் நடக்கும் ஒருநாள் போட்டி. ஆண்களுக்கு 1896இலிருந்து நடக்கிறது. பெண்களுக்கு அன்றுதான் முதல் தடவை. மழை, சேறு, கல்லெல்லாம் வழுக்குகிறது. பிரிட்டனின் லிஸி டெய்னன் முதல் கல்லுப் பாதை வருவதற்கு முன்னமே கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓடி வென்றார். கையுறை போடவில்லை. முடிவில் ஹாண்டில் பட்டியில் இரத்தக் கறை. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

அவர் பிரிந்து ஓடத் தொடங்கிய கணத்தை நீங்கள் நேரடியாகப் பார்த்திருக்க முடியாது. நேரடி ஒளிபரப்பு தொடங்கியபோது அவர் ஏற்கெனவே தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். போட்டியைத் தீர்மானித்த அசைவு கமரா வரும் முன்னமே முடிந்துவிட்டது. கதையின் முதல் பாதியைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஏன் ஒருவருக்கும் கதை பிடிக்கவில்லை என்று கேட்பது இதுதான்.

உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 2020இல் ஒரு விதி கொண்டுவந்தது. பெண்களின் உலக டூர் போட்டி என்றால் குறைந்தது 45 நிமிடம் நேரடியாகக் காட்டவேண்டும். நாலு மணி நேரப் போட்டியில் 45 நிமிடம். அந்த 45 நிமிடத்தைக்கூடக் கொடுக்க முடியாமல், இத்தாலியின் மிகப் பெரிய பெண்கள் போட்டியான ஜீரோ 2021இல் உலக டூரிலிருந்து ஒரு படி கீழே இறக்கப்பட்டது. ஆண்களின் டூர் டி பிரான்ஸில் 2017இலிருந்து ஒவ்வொரு ஸ்டேஜும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நேரடியாக வருகிறது. ஒன்றும் நடக்காத, எல்லோரும் சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டு ஓடுகிற மூன்று மணி நேரம் உட்பட. அந்தச் சலிப்பான மூன்று மணி நேரத்தை யார் பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கணக்குப் பார்க்கலாம் வாங்கோ

அடுத்த வாதம் இது: "அவை குறைஞ்ச தூரம் ஓடினம், அதால குறைஞ்ச காசு. இதில என்ன பிழை?"

சரி. உங்கள் கணக்கையே எடுப்போம். 2021 பாரிஸ்-ரூபேயில் பெண்கள் ஓடியது சுமார் 116 கிலோமீட்டர், ஆண்கள் சுமார் 258. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் பரிசும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும். ஆண்கள் போட்டியை வென்ற இத்தாலியின் சோனி கொல்பிரெல்லிக்கு 30,000 யூரோ. லிஸி டெய்னனுக்கு 1,535 யூரோ. கிட்டத்தட்ட 5 சதவீதம். மிச்சக் காசை அவருடைய அணியே தன் பையிலிருந்து போட்டது.

2025 டூர் டி பிரான்ஸ்: பெண்களுக்கு 9 ஸ்டேஜ், சுமார் 1,165 கிலோமீட்டர். ஆண்களுக்கு 21 ஸ்டேஜ், சுமார் 3,300 கிலோமீட்டர். தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மொத்தப் போட்டியை வென்றவருக்கான பரிசு, பெண்களுக்கு 50,000 யூரோ, ஆண்களுக்கு 500,000 யூரோ. பத்தில் ஒரு பங்கு. உங்கள் "தூரத்துக்கு ஏற்ற காசு" விதிப்படி பார்த்தாலும் பெண்ணுக்கு 175,000 யூரோ வரவேண்டும். உங்கள் விதியே உங்களுக்கு உதவவில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைத்தது யார்? ஓடுகிற பெண்களா? பெண்களின் உலக டூரில் ஒருநாள் போட்டி, விசேட அனுமதி இல்லாவிட்டால், 160 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி எழுதியது யூசிஐ. எத்தனை ஸ்டேஜ் வைப்பது என்று தீர்மானிப்பது போட்டியை நடத்தும் நிறுவனம். குறுக்கே கயிறு கட்டியவர்களே, நீ தாண்டவில்லை, அதனால் சம்பளம் வெட்டு என்கிறார்கள்.

பெண்களால் முடியாது என்பதற்காகக் கட்டிய கயிறும் இல்லை இது. 1984இல் பெண்களுக்கு ஒரு டூர் டி பிரான்ஸ் நடந்தது. 18 ஸ்டேஜ். இன்றைய ஒன்பதின் இரட்டிப்பு. ஒவ்வொரு நாளும் ஆண்களுக்குக் கொஞ்ச நேரம் முன்னால், அவர்கள் ஓடவிருந்த பாதையின் கடைசிப் பகுதியில் ஓடினார்கள். நாள் தூரம் குறைவுதான், மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் மலைகள் அதே மலைகள். அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். பாரிஸ் மேடையில் ஆண்கள் போட்டியை வென்ற லொரான் ஃபின்யோனும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் இருக்கிறது. ஃபின்யோனுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். தனக்குக் கிடைத்தது ஒரு கோப்பையும் சுமார் ஆயிரம் டாலரும் என்று மரியான் மார்ட்டின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் போட்டி 1989 வரை நடந்தது. பிறகு வேறு வேறு பெயர்களில் தத்தளித்து, 2009இல் நாலே நாலு ஸ்டேஜாகச் சுருங்கி, நின்றே போனது. 2013இல் மரியான் வோஸ், எம்மா பூலி, கேத்ரின் பெர்ட்டீன், கிறிஸ்ஸி வெலிங்டன் என்ற நாலு வீராங்கனைகள் மனு எழுதி, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரின் கையெழுத்துச் சேர்த்தார்கள். அதற்குப் பதிலாக 2014இல் கிடைத்தது ஒரு நாள். ஒரே ஒரு நாள், பாரிஸ் வீதியில் வட்டம் சுற்றுகிற ரேஸ். முழு டூர் திரும்பி வந்தது 2022இல். 1989க்கும் 2022க்கும் நடுவில் 33 வருடம். அந்த இடைவெளியில் பிறந்தவர்கள் நாங்கள். பெண்களுக்கு டூர் இல்லை என்பது இயற்கை என்று நினைத்து வளர்ந்தோம். இயற்கை இல்லை. இருந்ததை எடுத்துவிட்டார்கள்.

காசு எந்த வழியாக ஓடுகிறது

"சந்தை அப்பிடித்தான் அண்ணா, ஒருத்தரும் வேணுமெண்டு செய்யேல்லை" என்று சொல்லும் வருங்காலப் பொருளியல் மாணவர்கள் கவனிக்கவும்.

சைக்கிள் போட்டிக்குப் பெரும்பாலும் நுழைவுச் சீட்டு இல்லை. ரோட்டோரம் நிற்பவர் காசு கொடுப்பதில்லை. அணியின் காசு ஜெர்சியில் பெயர் போடுகிற ஸ்பொன்சரிடமிருந்து வருகிறது. ஸ்பொன்சர் வாங்குவது டிவியில் தன் பெயர் தெரியும் நிமிடங்களை. நிமிடம் இல்லையென்றால் ஸ்பொன்சர் இல்லை. ஸ்பொன்சர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் அவள் காலையில் வேலைக்குப் போய்விட்டு பின்னேரம் பயிற்சி செய்வாள். களைத்துப்போய் ஓடுவாள். பிறகு நீங்கள் சொல்வீர்கள், தரம் போதாது, அதனால் டிவியில் காட்டுவதில்லை என்று. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். சந்தை என்று நீங்கள் சொல்வது இந்த வட்டத்தைத்தான்.

வட்டத்தை ஒரு இடத்தில் வெட்டினால் என்ன நடக்கும் என்றும் பார்த்துவிட்டோம். 2020க்கு முன் பெண்களின் மேல்நிலை அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இல்லவே இல்லை. 2020இல் வருடத்துக்கு 15,000 யூரோ என்று வைத்தார்கள். அப்போது ஆண்களின் உலக டூர் அணிகளில் அது 40,000 யூரோவுக்குச் சற்று மேல். 2023இல் பெண்களின் தொகை 32,102 யூரோ ஆனது. மகப்பேற்று விடுப்பும் விதியில் வந்தது: மூன்று மாதம் முழுச் சம்பளம், அடுத்த ஐந்து மாதம் பாதி. 2021இல் கையில் இரத்தத்தோடு வென்ற அந்த லிஸி டெய்னன் அப்போது ஒரு பிள்ளையின் அம்மா. விதி எழுதினால் சந்தை கேட்கிறது. இன்னும் வேலை முடியவில்லை. கீழ்நிலை கொண்டினென்டல் அணிகளில் ஓடுகிற பெண்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இன்றைக்கும் இல்லை.

செய்யலாம் என்பதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. பெல்ஜியத்தின் டூர் ஒஃப் ஃபிளாண்டர்ஸ் இப்போது இருபாலாருக்கும் ஒரே பரிசுக் காசு கொடுக்கிறது. உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் 2013இலிருந்து பரிசு சமம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநேரப் போட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பாதை, ஒரே 32.4 கிலோமீட்டர். வீதிப் போட்டியில் இரு பக்கமும் 90 பேர். உலகம் அழியவில்லை.

வேகம் குறைவு என்பவர்களுக்கு

"ஆனா ஸ்லோ அண்ணா."

டிவியில் பார்த்து ஒரு கூட்டம் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறதா 43இல் போகிறதா என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. வேகம்தான் முக்கியம் என்றால் முன்னால் போகிற கமரா மோட்டார்சைக்கிளைப் பாருங்கள், அது எப்போதும் முதலில் வருகிறது.

1989 ஆண்கள் டூரை கிரெக் லெமோண்ட் 8 நொடியில் வென்றார். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அந்த வருடச் சராசரி வேகம் இன்றைய ஆண்களைவிட நன்றாகவே குறைவு. அதற்காக யாராவது அதைச் சலிப்பு என்கிறார்களா? 8 நொடிதான் கதை. சரி, 2024 பெண்கள் டூர் எத்தனை நொடியில் முடிந்தது தெரியுமா? 4 நொடி. போலந்தின் கஷா நிவியாதோமா, அல்ப் துவெஸ் மலை உச்சியில், நெதர்லாந்தின் டெமி வோலரிங்கை 4 நொடியால் முந்தினார். ஆண், பெண் இரண்டு டூர்களையும் சேர்த்து, வரலாற்றிலேயே ஆகக் குறைந்த இடைவெளி. சித்தியின் மகனுக்கு இது தெரியாது. அவனுக்கு 1989 தெரியும். அவன் பிறக்க முன்னம் நடந்தது தெரியும், போன வருடம் நடந்தது தெரியாது.

எதிர்பாராதது வேண்டுமா? 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் வீதிப் போட்டி. ஒஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், அப்போது லொசானில் பல்கலைக்கழகத்தில் வேலை. எந்தத் தொழில்முறை அணியிலும் ஒப்பந்தம் இல்லை. போட்டி தொடங்கியவுடனேயே முன்னால் பாய்ந்த சிலரில் அவர் ஒருவர். கடைசியில் மிச்சமிருந்தவர்களையும் விட்டுவிட்டுத் தனியாக ஓடினார். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. உலகின் பலமான அணியான நெதர்லாந்து, முன்னால் போன எல்லோரையும் பிடித்துவிட்டோம் என்று நினைத்தது. ஒருவரை எண்ண மறந்துவிட்டார்கள். அன்னமீக் வான் ஃப்ளூட்டன் கோட்டைக் கடந்து, தங்கம் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கினார். தங்கம் 75 நொடிக்கு முன்னமே போய்விட்டது. இப்படி ஒரு முடிவை எந்தத் திரைக்கதையாசிரியர் எழுதினாலும் நம்பமாட்டோம்.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 2019இல் பெல்ஜியத்தின் ஓம்லூப் ஹெட் நியூஸ்பிளாட் போட்டி. ஆண்கள் கிளம்பி 10 நிமிடம் கழித்துப் பெண்கள். சுவிஸின் நிக்கோல் ஹான்சல்மான் தொடக்கத்திலேயே தனியாகப் பிரிந்து போனார். எவ்வளவு வேகமாகப் போனார் என்றால், ஆண்கள் கூட்டத்தின் பின்னால் வரும் வாகனங்களை எட்டிப் பிடித்துவிட்டார். என்ன செய்தார்கள்? ஆண்களுக்கு விரைவாகப் போகச் சொன்னார்களா? இல்லை. பெண்கள் போட்டியைச் சில நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். திரும்ப ஓட விட்டபோது அவருடைய வேகமும் போயிருந்தது, பிறகு கூட்டம் அவரைப் பிடித்துவிட்டது. மெதுவாக ஓடினால் மெது என்பார்கள். வேகமாக ஓடினால் நிறுத்துவார்கள்.

அம்மா டூர் பார்க்கும்போது இந்த விவாதமே அவவுக்கு விளங்குவதில்லை. யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தடை இருந்த காலத்தில், முன்னால் தம்பியும் பின்னால் அரிசி மூட்டையுமாக எதிர்காற்றில் சைக்கிள் ஓடியவ. "பொம்பிளை சைக்கிள் ஓடுறது ஒரு புதினமோ?" என்று கேட்பா. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்டு வளர்ந்த நாங்கள், பெண்ணுக்கு இவ்வளவு தூரம்தான் முடியும் என்று எழுதின விதியைக் கேள்வி கேட்காமல் நம்பினது வெட்கம்.

பாவம் பார்க்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள்

இனி மற்றப் பக்கம். மார்ச் 8 வந்தால் பெண் சக்தி என்று ஸ்டோரி போடுவீர்கள். பெண்கள் ரேஸ் படம் வந்தால் கைதட்டு எமோஜி போடுவீர்கள். நல்லது. யார் வென்றது என்று கேட்டால் தெரியாது. எப்படி வென்றார் என்றால் அதுவும் தெரியாது. உங்களுக்கு அது ஒரு நல்ல காரியம், கோயில் உண்டியலில் காசு போடுவது மாதிரி. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறீர்கள்.

விளையாட்டுக்கு மரியாதை அப்படிக் கொடுப்பதில்லை. விளையாட்டுக்கு மரியாதை என்றால் கோபப்படுவது. பொகாச்சார் தேவையில்லாமல் தாக்கினால் நீங்கள் மூன்று பந்தி எழுதுவீர்கள். அதே கண்ணோடு 2024 டூரைப் பாருங்கள். ஐந்தாவது ஸ்டேஜில் மஞ்சள் ஜெர்சியில் இருந்த வோலரிங் முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் விழுந்தார். எழும்பி, பெரும்பாலும் தனியாகவே துரத்தி வந்து, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். அதே நேரம் முன்னால் அவருடைய அணியைச் சேர்ந்த பிளாங்கா வாஸ் ஸ்டேஜை வென்றுகொண்டிருந்தார். அந்த அணி அன்று யாரையாவது பின்னால் அனுப்பியிருந்தால்? கடைசியில் தோற்றது 4 நொடியில். என் கருத்து: அது அந்த வருடத்தின் ஆகப் பெரிய பிழை. நீங்கள் இல்லை என்று வாதாடுங்கள். ரேடியோவில் தகவல் குழம்பியிருக்கும் என்று சொல்லுங்கள். சண்டை பிடியுங்கள். அந்தச் சண்டைதான் சமத்துவம். வீராங்கனையைத் திட்டவே முடியாது, பாராட்ட மட்டும்தான் முடியும் என்றால் நீங்கள் அவரை இன்னும் சின்னப் பிள்ளையாகத்தான் நடத்துகிறீர்கள்.

பார்க்கத் தொடங்கினால் பிடித்த ஆள் தானாக வரும். எனக்கு மார்லென் ரொய்சர். சுவிஸ்காரி, மருத்துவர், மற்றவர்களைவிடப் பிந்தித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தவர். 2025 டூரில் சுகமில்லாமல் முதல் நாளே விலகினார். செப்டெம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் தனிநேர உலகப் பட்டம் வென்றார். என் தங்கச்சிக்கு மொரிசியஸின் கிம் லு கோர். 2025 ஏப்ரலில் லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ் வென்றவர், அதே வருட டூரில் ஒரு ஸ்டேஜும் வென்று மஞ்சள் ஜெர்சியும் போட்டவர். பெண்கள் டூரில் அதைப் போட்ட முதல் ஆபிரிக்கர். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உள்ள தீவிலிருந்து வந்தவர் என்பதால் தங்கச்சிக்குக் கூடுதல் சந்தோசம். ஆள் பிடிக்க எந்தக் காரணமும் போதும். எனக்குக் கான்செலாராவைப் பிடித்ததும் எங்கள் ஊர்க்காரர் என்பதால்தானே.

இனி என்ன

பிரான்ஸின் கூட்டத்துக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. 2022இலிருந்து அங்கே பெண்கள் டூரை மில்லியன் கணக்கில் பார்க்கிறார்கள். ஷாத்தெல் மலையில் ஃபெரான்-ப்ரேவோ வென்ற அன்று ரோட்டோரம் நின்றவர்களை நான் அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்தேன். குடும்பம் குடும்பமாக, கதிரை போட்டு, கொடி பிடித்து. பட்டனைத் திரும்ப மெனுவில் போட்டவுடன் வந்துவிட்டார்கள். எனவே, "யார் பார்க்கிறது?" என்பதற்குப் பதில் இருக்கிறது, தம்பி. நிறையப் பேர் பார்க்கிறார்கள். நீதான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

நீ ஒருவன் பார்ப்பதால் பரிசுக் காசு நாளைக்கே கூடாது, உண்மை. யூசிஐயும் போட்டி நடத்துகிறவர்களும் டிவிக்காரரும் செய்யவேண்டிய வேலை அது, அவர்களை விட்டுவிடக்கூடாது. ஆனால் அந்த வட்டத்தில் எங்கள் கையில் இருப்பது ஒரு துண்டுதான்: ரிமோட். அதை வைத்துக்கொண்டு, ஒருவரும் பார்ப்பதில்லை என்று சனலை மாற்றுகிறவன், தான் சொல்வதைத் தானே உண்மையாக்குகிறான்.

2026 பெண்கள் டூர் டி பிரான்ஸ் ஆகஸ்ட் 1ஆம் திகதி லொசானில் தொடங்குகிறது. இங்கே இருப்பவர்களுக்கு அது என்ன நாள் என்று தெரியும். சுவிஸ் தேசிய நாள், விடுமுறை. எப்படியும் கிறில் போடத்தான் போகிறோம். கிறிலை ஒரு மணி நேரம் பிந்திப் போடலாம். லொசானில் ரோட்டோரம் நிற்பதற்குக் காசு கிடையாது. லண்டன், டொரொன்டோ, ஒஸ்லோ, சிட்னியில் இருப்பவர்கள் முதல் மலை வருகிற நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் முழுதாகப் பார்த்துவிட்டுச் சலிப்பாக இருந்தது என்று எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன். பார்க்காமல் எழுதினால் பதில் இல்லை.

சித்தியின் மகனுக்குக் காரில் ஒரு இடம் வைத்திருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் அந்த 4 நொடிக் கதையைச் சொன்னபோது போனைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டான்: "அப்ப அந்த ரீம் ஏன் ஆளை விட்டிட்டுப் போனது?"

அதுதான். அங்கேயிருந்து தொடங்கலாம்.